விசிறிக்குள் வந்து சேரும் நிலம்

மடிக்கணினி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும், அது கணக்குப் போட்டாலும் படம் காட்டினாலும், கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. கடிதம் தட்டச்சு செய்யும்போது பத்துப் பதினைந்து வாட்டுக்குள் அடங்கிவிடும் அந்த நுகர்வு, முப்பரிமாணக் காட்சியொன்றை நொடிக்கு 60 முறை புதிதாக வரைந்து காட்ட வேண்டிய விளையாட்டுகளில் 100 வாட்டைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அந்த 100 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்று உள்ளே நுழைந்து வெளியேறுவதற்குள் 20 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல், அதாவது மணிக்குச் சுமார் 15 கனமீட்டர் காற்று தேவைப்படும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள ஓர் அறை கொள்ளும் காற்றே 28 கனமீட்டர்தான் என்பதால், இரவு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் விளையாடி எழும் ஓர் இளைஞனின் கணினி, அந்த அறைக் காற்று முழுவதற்கும் ஈடான அளவை ஒரு முறை உள்ளே இழுத்து வெளியே தள்ளியிருக்கும். அந்தக் காற்றில் என்ன மிதக்கிறது என்பது கணினியை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அது ஊரைப் பொறுத்தது.

வண்ணார்பேட்டையின் காற்றில் மிதப்பது என்ன என்று கேட்டால், திருநெல்வேலியின் நில அமைப்பிலிருந்துதான் விடையைத் தொடங்க வேண்டும். 1843இல் கட்டப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால், கொக்கிரகுளத்தை அடுத்து ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது இந்தப் பேட்டை. திருவனந்தபுரம் சாலையும் வடக்குப் புறவழிச்சாலையும் இதன் வழியாகவே போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இறக்கிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலை முகடுகளைத் தாண்டியும் கிழக்கே இறங்கும்போது, குற்றாலத்தில் சாரலாக இருப்பது ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் திருநெல்வேலியில் வறண்ட காற்றாகிவிடுகிறது. மழை மறைவுப் பகுதி என்று புவியியலாளர் அழைக்கும் இந்த நிலப்பரப்பில், கணவாய்கள் வழியே வரும் அதே காற்றுதான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகளைப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவித்ததும் காற்றின் வேலைதான். தேரி போன்ற மணல்மேடுகளை நகர்த்த வல்ல காற்று, ஜன்னல் கம்பிகளுக்கிடையே என்ன கொண்டுவராது? ஆனி, ஆடி மாதங்களில் காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம் என்பது இங்குள்ள வீடுகளில் எல்லாரும் அறிந்தது.

இந்தப் புழுதி ஒரே வகையைச் சேர்ந்ததல்ல. மேற்கே உழுது போட்ட செவல் நிலங்களின் மண், ஆற்றோரத்து வண்டல், சாலையில் தேய்ந்த டயரின் கரித்துகள், குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிவரும் டிப்பர் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் கல்மாவு, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெருக்களின் மண் என எல்லாம் இதில் கலந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்த பின் இதனோடு இன்னொன்று சேர்கிறது. உடுத்திய துணியிலிருந்தும் போர்வையிலிருந்தும் மெத்தையிலிருந்தும் ஓயாமல் உதிரும் பஞ்சிழை அது. மண்ணைப் பற்றிக் கவலைப்படுவோர் இந்த இழையை மறந்துவிடுகிறார்கள். கணினியின் உட்புறத்தைப் பொறுத்தவரை கேடு தொடங்குவதே இழையில்தான்.

அது எப்படி என்று புரிந்துகொள்ள, உள்ளே வெப்பம் செல்லும் பாதையைக் காண வேண்டும். கணக்கிடும் சிப்பான செயலியின் மீதும், காட்சியை வரையும் கிராபிக்ஸ் சிப்பின் மீதும் தட்டையான செப்புக் குழாய்கள் படுத்திருக்கும். வெப்பக் குழாய் எனப்படும் இவற்றின் உள்ளே காற்று நீக்கப்பட்டு மிகச் சிறிதளவு நீர் மட்டுமே அடைக்கப்பட்டிருப்பதால், சிப்பின் சூட்டிலேயே அந்த நீர் ஆவியாகி, குளிர்ந்த மறுமுனைக்கு ஓடி, அங்கே மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலத்தில் ஊறித் திரும்பி வருகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிக் காட்டிய இந்த ஏற்பாடு விண்கலங்களுக்குப் பயன்பட்டு, பிறகு மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தது. குழாயின் மறுமுனையில், சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. கடைக்காரர்கள் ‘ஹீட் சிங்க்’ என்று சொல்வது இதைத்தான். தகடுகளை ஒட்டி நிற்கும் சிறு விசிறி, நிமிடத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் சுற்றுகள் சுழன்று, அடிப்பக்கத் துளைகள் வழியே காற்றை இழுத்து, தகடுகளின் இடுக்கு வழியே பக்கவாட்டில் வெளியே தள்ளுகிறது.

விசிறியிலிருந்து புறப்பட்டு வரும் மண்துகள் மிக நுண்ணியதானால் தகடுகளின் இடுக்கில் புகுந்து வெளியே போய்விடும். இழை அப்படிப் போவதில்லை. இடுக்கின் அகலத்தைவிட நீளமாக இருப்பதால் இரண்டு தகடுகளின் விளிம்பில் குறுக்காகப் படுத்துக்கொள்கிறது. தாமிரபரணிப் பாசனக் கால்வாய்களின் மதகை அறிந்தவர்களுக்கு இது விளங்கச் சிரமம் இராது: முதலில் ஒரு கொடி அமலைச்செடி ஷட்டர் கம்பியில் மாட்டுகிறது, அதில் இன்னொன்று சிக்குகிறது, பிறகுதான் அந்தப் பின்னலில் வண்டல் தங்கத் தொடங்கி, கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்ற பேச்சு எழுகிறது. தகடுகளின் முகப்பிலும் இழை வலை பின்ன, மண் அதில் தங்க, சமையலறையிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை அதை ஒட்டவைக்க, சில மாதங்களில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறப் படலம் ஒன்று உருவாகிவிடுகிறது. குறுகிய இடுக்கில் ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை, இடுக்கின் அகலம் பாதியானால் எட்டு மடங்காகும் என்பது பாய்ம இயக்கவியலின் விதி. ஆகவே அடைப்பின் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமலிருந்து, பாதிக்கு மேல் போன பிறகு சட்டென்று நிலைமை மோசமாவது வியப்பல்ல. படலம் விசிறியைப் பார்த்த பக்கத்தில் இருப்பதால் வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குத் தகடுகள் பளபளவென்று சுத்தமாகவே தெரியும். இந்த நோய் இவ்வளவு காலம் கண்டுகொள்ளப்படாமல் போவதற்கு இந்த மறைவே பெரிய காரணம்.

வெப்பநிலையின் கணக்கு ஊருக்கு எதிராக இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினிச் செயலிகள் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரைக்குள் ஓர் உச்ச வரம்பைக் கொண்டிருக்கின்றன. அதை எட்டினால் சிப் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். சிப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடுதான் வெப்பத்தை வெளியே தள்ளும் விசை என்பதால், வரம்பு 100 டிகிரி என்று கொண்டால், 25 டிகிரி அறையில் 75 டிகிரி வேறுபாடு கிடைக்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் பாளையங்கோட்டை வெயிலில், ஏசி இல்லாத மாடியறையில், கிடைப்பது 60 மட்டுமே. ஒரு துகள் தூசிகூடப் படியாத புத்தம் புதிய கணினியும், குளிர்ந்த அறையில் காட்டும் திறனில் ஐந்தில் ஒரு பங்கை இங்கே வாசலிலேயே இழந்துவிடுகிறது. தூசியின் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சிப் மெதுவாவதை ஆட்டத்தில் இருப்பவர் உடனே உணர்வார். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒவ்வொரு படத்தையும் வரைய ஆயிரத்தில் பதினேழு பங்கு நொடிக்கும் குறைவான நேரமே உண்டு; சிப்பின் வேகம் குறைந்தால் அந்த நேரத்துக்குள் படம் முடியாமல் காட்சி தத்தித் தத்தி நகர்கிறது. ‘லேக் ஆகுது’ என்று பையன்கள் சொல்வதில் ஒரு பகுதி இணைய வேகத்தின் குறை, மறு பகுதி இந்த வெப்பத்தின் விளைவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் இணைய இணைப்பை மாற்றிப் பார்த்து ஏமாறுவோர் உண்டு. இன்னும் சூடேறினால் கணினி தானாக அணைந்துவிடும். இதற்கிடையில் விசிறி, குறைந்த காற்றோட்டத்தை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டுகிறது. வேகம் இரட்டித்தால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் ஏறும் என்பது விசிறிகளின் பொது விதி. பழுதுபார்க்கும் கடையில் வந்து, “அண்ணாச்சி, ஃபேன் ஒரே இரைச்சலா இருக்கு, கொஞ்ச நேரம் கேம் போட்டா ஆஃப் ஆயிருது” என்று சொல்லப்படுவது, மேலே விவரித்த நிகழ்வுகளின் முழுச் சுருக்கம்.

அதே கடையில் உடன் வந்திருக்கும் தகப்பனார், “எப்பப் பாத்தாலும் கேம், அதான் கெட்டுப்போச்சு” என்று தீர்ப்புச் சொல்வதும் வழக்கம். இந்தத் தீர்ப்பை ஏற்பதற்கில்லை. விளையாட்டு என்பது செயலியையும் கிராபிக்ஸ் சிப்பையும் ஒரே நேரத்தில், இடைவெளியின்றி, மணிக்கணக்கில் முழுச் சுமையில் வைத்திருக்கும் பணி. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டும் ஸ்டுடியோக்காரரின் கணினியும், கட்டட வரைபடத்தை முப்பரிமாணத்தில் காட்டும் பொறியியல் மாணவியின் கணினியும் சுமப்பது அதே சுமையைத்தான். அவர்களுடைய கணினி சூடானால் இயந்திரத்தைக் குறை சொல்லும் வீடு, பையனுடைய கணினி சூடானால் பையனைக் குறை சொல்கிறது. அடைபட்ட விசிறியோடு ஓடும் கணினியில் விளையாட்டை நிறுத்துவது குறைபாட்டை மறைக்குமேயன்றி நீக்காது. அதற்குள் சூட்டை அருகிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும் பேட்டரி முதுமையடையும். லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்வது அவற்றின் ஆயுளைக் குறைக்கும்; சார்ஜரைச் செருகிக்கொண்டே ஆடப்படும் ஆட்டத்தில் அந்த எல்லை தொலைவில் இல்லை. மெத்தையில் வைத்து விளையாடுவதை மட்டும் பெரியவர்கள் தாராளமாகக் கண்டிக்கலாம்: அடிப்பக்கத் துளைகளை மெத்தை மூடுவதோடு, பஞ்சிழையையும் அதுவே ஊட்டுகிறது.

தூய்மை செய்யும் முறையில் பலரும் செய்யும் தவறு, வெளியேறும் துளையின் வழியே ப்ளோயரால் ஊதுவது. படலம் உட்பக்கத்தில் இருப்பதால் இந்த ஊதல் அதைத் தகடுகளிலிருந்து பெயர்த்து விசிறிக்குள் தள்ளுகிறது. சில நாள் காற்று தாராளமாக ஓடும், பிறகு அதே படலம் துண்டுதுண்டாகத் திரும்ப வந்து தகடுகளில் ஒட்டும். மாறாக, அடிமூடியைத் திறந்தே ஆக வேண்டும். வெவ்வேறு நீளமுள்ள திருகுகளை அவை இருந்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் எடுத்து வைத்து, பிளாஸ்டிக் கொக்கிகள் ஒடியாதபடி பழைய ஏடிஎம் அட்டை போன்ற மெல்லிய தகட்டால் மூடியின் விளிம்பை நெம்பி, திறந்ததும் வேறெதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுக்க வல்லதாகையால் முதலில் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்வது முறை. வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையை உள்ளே நுழைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

விசிறியின் மூடியைக் கழற்றியதும் படலம் கண்ணுக்குத் தெரியும். தூசி நன்றாகச் சேர்ந்துவிட்ட கணினியில் படலத்தின் ஓரத்தை இடுக்கியால் பற்றி இழுத்தால், தகடுகளின் வரிசைத் தடம் பதிந்த ஒரு பட்டையாக, ஏறத்தாழ முழுதாகவே கழன்று வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் வெள்ளையும் நீலமுமான துணி இழைகள், மேலே செம்மண் சாயல் கொண்ட பொடி, நடுவே ஒன்றிரண்டு தலைமுடி, கொசுவின் இறகு. அதை எடுத்த பிறகே ஊதுவதும் துலக்குவதும் பயன்தரும். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலாலோ குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் காற்று அதை, அது தாங்கக்கூடிய வேகத்துக்கு மேல் சுழற்றி, பேரிங்கைத் தேய்ப்பதோடு, சுழலும் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கிப் பலகைக்குள் அனுப்பவும் கூடும். இறக்கைகளின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும் கருவரியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். கணினி மூன்று நான்கு ஆண்டு பழையதானால், சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்துவதற்காகத் தடவப்பட்டிருக்கும் பசையும் காய்ந்து வெடித்திருக்கக் கூடும். ‘பேஸ்ட் மாத்தணும்’ என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் நியாயமான சொல். ஆனால் தகடுகளின் முகப்பை அப்படியே விட்டுவிட்டுப் பசையை மட்டும் மாற்றித் தருவது வேலையில் பாதியைக்கூடச் செய்ததாகாது.

எப்போது செய்வது என்பதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கு ஒரு முறை என்று பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் எந்த ஊரின் காற்றையும் கணக்கில் கொண்டவை அல்ல. திருநெல்வேலிக்கு விடை தெளிவானது. ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு, ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் செய்ய வேண்டும். காற்றுக் காலத்தில் உள்ளே சேர்ந்த மண் அதுவரை உலர்ந்தே கிடக்கும், எளிதில் உதிரும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் ஏறிவிட்டால் அந்த மண்ணில் உள்ள களியும் உப்பும் நீரை ஈர்த்து, இழையோடு சேர்ந்து இறுகி, ஈரத்தை மின்சுற்றின் மேல் பிடித்து வைத்துக்கொள்ளவும் தொடங்கும். இந்த இடைவெளியில்தான், புரட்டாசியை ஒட்டி, ஆயுதபூசை வருகிறது. அச்சகத்தில் இயந்திரத்தையும், பட்டறையில் லேத்தையும், பேருந்தையும் ஆட்டோவையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் இந்த நாள், சடங்காக இருக்கும் அதே வேளையில் ஆண்டுக்கொரு முறை கருவியை நிறுத்திக் கழற்றிப் பார்க்கும் பராமரிப்பு நாளாகவும் இருந்துவந்திருக்கிறது. லேத்துக்காரர் அன்று கசடை வழித்து எண்ணெய் விடுகிறார். மடிக்கணினிக்கோ மூடியின் மேல் ஒரு பொட்டு வைப்பதோடு மரியாதை முடிந்துவிடுகிறது. திறந்து பார்க்கும் பகுதி அதற்கு வந்து சேரவேயில்லை. சேர்ந்தால் இந்த ஊரின் பருவத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இந்தக் கணக்குகளையெல்லாம் தற்காலிகமாகக் குலைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை பதிவான அந்த நாட்களில் தாமிரபரணி கரை மீறி, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் ஆற்றை ஒட்டிய தெருக்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபோது விட்டுச் சென்ற வண்டல், தை வெயிலில் காய்ந்து, வாகனச் சக்கரங்களில் அரைபட்டு, வழக்கமாகக் காற்று அடங்கியிருக்கும் மாதங்களிலேயே புழுதியாக எழுந்தது. ஆற்று வண்டலின் நுண்பகுதி மணலைவிடப் பன்மடங்கு சிறியது. எந்த வலையிலும் நிற்காமல் நுழைவது. நீரில் மூழ்கிய கணினிகளைப் பற்றி அப்போது எல்லாரும் கவலைப்பட்டது இயல்பே. மாடியில் பத்திரமாக இருந்த கணினிகளும் அடுத்த சில மாதங்கள் அந்த வெள்ளத்தின் மண்ணை உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தவர்கள் சிலரே.

கணினியைத் திறந்து துடைக்கும் அறிவு வீடுகளுக்குள் வந்து சேராததற்குப் பொறுப்பு வீடுகளுடையது மட்டுமல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், கணினியைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே கண்டிருந்த இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தது. அரசு நிறுவனமான எல்காட்டின் வழியே கொள்முதலாகி, அரசு முத்திரையோடு வந்த அந்தக் கணினிகளில் பாடமும் படிக்கப்பட்டது, ‘வைஸ் சிட்டி’ என்ற விளையாட்டும் ஆடப்பட்டது. இரண்டுமே ஒரு தலைமுறைக்குக் கணினியைக் கைப்பழக்கமாக்கின. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திறப்பதும் துடைப்பதும் கணினிக்கல்வியின் பகுதி என்று கருதப்படவில்லை. சைக்கிள் வாங்கிய பிள்ளைக்குச் செயினில் எண்ணெய் விடக் கற்றுக்கொடுத்த வீடுகள், மடிக்கணினியைத் திறக்கக் கூடாத பொருளாகவே எண்ணின. திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சமும், சில தயாரிப்புகளில் திருகின் மேல் ஒட்டப்பட்டிருந்த தாளும் அந்த எண்ணத்தை வலுப்படுத்தின. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்ததும், அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனங்களின் பராமரிப்பு விவரங்களைத் தொகுத்துத் தரும் தளத்தைத் தொடங்கியதும் நல்ல தொடக்கங்கள். பெரிய நிறுவனங்கள் சில, தம் கணினிகளைப் பிரித்துச் சேர்க்கும் கையேடுகளை ஆங்கிலத்தில் வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. திருவனந்தபுரம் சாலையின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசை விளக்கும் நான்கு திருப்புளியுமாகத் தொழில் செய்யும் இளைஞர்கள், பெரும்பாலும் கையேடு இல்லாமல் கைப்பட்டே இந்த வேலையைக் கற்றவர்கள். எந்தக் கணினியின் எந்த மூலையில் புழுதி தங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு அந்தக் கணினியை வடிவமைத்தவர்களுக்குத் தெரியுமா என்பது ஐயமே.

அரசோ நிறுவனமோ இனி ஒரு மடிக்கணினியைத் தமிழ்நாட்டில் ஒரு மாணவர் கையில் கொடுக்கும்போது, பெட்டிக்குள் ஒரு பக்கத் தாளில், படத்தோடு, தமிழில், மூடியைத் திறக்கும் வரிசை, பேட்டரி இணைப்பு இருக்கும் இடம், விசிறியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய விதம், படலம் சேரும் பக்கம் ஆகியவற்றை அச்சிட்டு வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு சிறிது. சுத்தம் செய்ய வேண்டிய மாதத்தை மட்டும் எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றாக அச்சிட முடியாது. திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் அது புரட்டாசி. பின்னலாடை இழை ஆண்டு முழுவதும் பறக்கும் திருப்பூருக்கு ஒரு முறை போதாது. உப்புக்காற்று வீசும் தூத்துக்குடிக்குத் தூசியோடு துருவையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.